ஊஞ்சலில் கற்ற விமானம்

முத்தாரம்மாளுக்கு விமானம் ஓட்டத் தெரியும் என்றால் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரியுங்கள், ஆரியசாலைத் தெரு முழுவதும் சிரித்து ஓய்ந்த விஷயம்தான். அவள் ஒரு நாளும் விமானத்தில் ஏறியதில்லை. அதன் இறக்கையைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. கற்றதெல்லாம் வாடகை வீட்டின் நடுக்கூடத்தில், சங்கிலியில் தொங்கிய ஒரு தேக்குப் பலகை ஊஞ்சலில்.

அவள் புருஷன் தாணுலிங்கம் சுசீந்திரத்துக்காரர். திருவனந்தபுரத்தில் கணக்குத் தணிக்கை ஆபீசில் குமாஸ்தா. தங்கமான மனுஷர், ஆனால் பாதி நேரம் ஆள் இங்கே இருக்கமாட்டார். தெருமுனை வரை போய்விட்டு, எதற்குக் கிளம்பினோம் என்று வீட்டுக்குத் திரும்பி வந்து கேட்பார். ரசம் என்று நினைத்துக் குடிதண்ணீரைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்து, உப்பில்லை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்த நாளும் உண்டு. அப்படிப்பட்டவர், சங்குமுகம் கடற்கரையை ஒட்டிய விமானத் திடலில் ஒரு கிளப்பில் விமானம் ஓட்டச் சொல்லித் தருகிறார்கள், சர்க்காரே பெரும்பங்கு செலவை ஏற்கிறது என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாய்ப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டார்.

"தரையில நடக்கையிலேயே தட்டி விழுகிய ஆளு நீங்க," என்றாள் முத்தாரம்மாள். "ஆகாசத்துல தட்டினா எங்க போய் விழுவியோ?"

"ஆகாசத்துல தட்டுகதுக்கு என்னட்டி இருக்கு?" என்றார் அவர்.

சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தால் ஊஞ்சல்தான் விமானம். முழங்கால்களுக்கு நடுவே சாம்பார்க் கரண்டியைச் செங்குத்தாய்ப் பிடித்துக்கொள்வார், அது ஓட்டுகிற கம்பு. இரண்டு பாதத்துக்கும் அடியில் இரண்டு தேங்காய்ச் சிரட்டை, அவை மிதிகள். முத்தாரம்மாள் சங்கிலியைப் பிடித்து ஆட்டுவாள். காற்றும் அவள்தான், எஞ்சினும் அவள்தான். விமானம் சொல்லித் தருகிற கோசி சாரும் அவள்தான். ஆரம்பத்தில் விளையாட்டாய்த்தான் ஆட்டினாள். போகப்போக, கரண்டி எந்தப் பக்கம் சாயவேண்டும் என்று அவருக்கு முன்னால் அவள் கை சொல்ல ஆரம்பித்தது.

நிஜ விமானம் மஞ்சள் நிறத்தில், மேலும் கீழுமாய் இரண்டடுக்கு இறக்கை வைத்த சின்ன வண்டி. மேலே கூரை இல்லை. தரையோடு பேசுகிற கருவி எதுவும் அதில் கிடையாது. மேலே போனவனுக்கு ஏதாவது சொல்லவேண்டும் என்றால் கையைக் காலைக் காட்டித்தான் சொல்லவேண்டும். அதனால் ஊஞ்சலிலும் பேச்சுக் கூடாது என்று தாணுலிங்கம் சட்டம் போட்டார். அவள் எதிரே நின்று சைகை காட்டுவாள், அவர் கரண்டியாலும் காலாலும் பதில் சொல்வார். அவள் வாயைப் பொத்தினால் எஞ்சின் நின்றுவிட்டது என்று அர்த்தம். முந்தானையை வீசினால் குறுக்குக் காற்று.

ஒருநாள் அவர் உயரே ஆடிக்கொண்டிருக்கும்போது இடப்பக்கத்துச் சங்கிலிக் கொக்கி கழன்று, கரண்டியும் கையுமாய்த் தரையில் வந்து விழுந்தார். அடி ஒன்றும் பலமில்லை. முத்தாரம்மாளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எதிரே நின்றவள், பேச்சுக் கூடாது என்ற சட்டத்தை மறக்காமல், அவருடைய இடப்பக்கத்துக்கு நேராக இருந்த தன் வலக்காலைத் தூக்கி, கைகள் இரண்டையும் இறக்கையாய் விரித்து, ஒற்றைக் காலில் தள்ளாடிக் காட்டினாள். ஒங்களுக்கு ஒரு சக்கரம் போச்சு!

விளையாட்டுத்தான். ஆனால் அவர் மறுநாளே கோசி சாரிடம் கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு சக்கரம் கழன்று போனால், இருக்கிற சக்கரத்தில்தான் இறங்கவேண்டும். இல்லாத பக்கத்தை, வேகம் முழுக்கச் சாகிற வரைக்கும் தரையில் படாமல் தூக்கிப் பிடிக்கவேண்டும். விஷயம் தெரியாமல் எப்போதும்போல இறங்கினால், சக்கரமில்லாத கால் மண்ணில் குத்தி விமானம் குப்புறக் கவிழும். "அதுக்குப் பொறவு சோறு வேண்டாம்," என்று சிரித்துக்கொண்டே சொன்னார். முத்தாரம்மாள் அன்று சிரிக்கவில்லை.

தனியாக ஓட்ட விட்ட பிறகு இன்னொரு சைகையும் சேர்ந்துகொண்டது, இது அவர் காட்டுவது. பொழுது சாயும் நேரம் திடலுக்குத் திரும்புமுன் ஆரியசாலைக்கு மேலே வந்து, ஊஞ்சல் ஆடுவதுபோல இறக்கையை இப்படியும் அப்படியுமாக ஆட்டுவார். 'வந்துவிட்டேன், உலையை வை' என்று அர்த்தம். மொட்டை மாடியில் நின்று பார்த்துவிட்டு அவள் கீழே இறங்கி உலை வைப்பாள். அவர் இறங்கி, சைக்கிளை மிதித்து வீடு வந்து சேரவும் சோறு வடிக்கவும் சரியாயிருக்கும்.

அந்த நாட்களில் அவள் தூக்கத்தில் பறந்தாள். சேலை முந்தானையில் காற்று நிறைந்து, ஓட்டுக் கூரைகளுக்கு மேலே மெல்ல எழும்புவாள். கரமனை ஆறு கீழே ஒரு வெள்ளி அரைஞாண் மாதிரி கிடக்கும். தெற்கே தோவாளை மலை, அதன் காலடியில் நாஞ்சில் நாட்டு வயல், வயலுக்கு நடுவே அம்மா வீடு. அங்கே மட்டும் அவள் இறங்கமாட்டாள். முழித்ததும் உள்ளங்காலில் கொஞ்ச நேரம் குளிர்ச்சி இருக்கும்.

அங்கே இறங்காததற்குக் காரணம் உண்டு. ஊரில் அம்மன் கோயில் கொடைவிழா நடக்கும்போது அவள் அம்மாவுக்குச் சாமி வரும். கொண்டை அவிழ்ந்து, கண் செருகி, நாலு தெரு ஜனத்துக்கு நடுவே அம்மா ஆடுவாள், குறி சொல்லுவாள். சின்னப் பெண்ணாய் இருந்த முத்தாரம்மாள் வைக்கோல் போருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். நாலு பேர் பார்க்கிற இடத்தில் தான் ஒருநாளும் நிற்கமாட்டேன் என்று அப்போதே முடிவு கட்டினாள். திருவனந்தபுரம் வந்தும் தெருவின் ஓரத்தில்தான் நடந்தாள். கடைக்காரர் இரண்டாவது தடவை "என்ன வேணும்?" என்று கேட்டால் அந்தச் சாமானே வேண்டாம் என்று திரும்பிவிடுவாள்.

மாநிலங்களைப் பிரித்து நாஞ்சில் நாட்டைச் சென்னையோடு சேர்ப்பதற்கு முந்தின வருஷம், பங்குனி ஆறாட்டு. பத்மநாபசுவாமி ஊர்வலமாய்க் கடலாடப் போகிற வழி விமானத் திடலின் ஓடுபாதையைக் குறுக்கே தாண்டித்தான் போகிறது. அன்று சாயங்காலம் ஓடுபாதை சாமிக்குச் சொந்தம், விமானத்துக்கு அங்கே வேலை இல்லை. தாணுலிங்கத்துக்கு அன்று மதியம் ஒரு பரீட்சை. தனியாகப் பொன்முடி மலை வரை போய்த் திரும்பவேண்டும்.

"நேரத்தே வரணும், கேட்டோ," என்று கோசி சார் கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தார். "லேட்டாயிப் போயால் உடனே இறங்கண்டா. கடலின்டெ மேலே சுற்றி நில்க்கு. சாமி கடந்து போயிட்டு மட்டும் இறங்கு."

"சரி சார்," என்றார் தாணுலிங்கம். அவர் மனசு அதற்குள் பொன்முடிக்குப் போய்விட்டிருந்தது.

போனவர் நேரத்தோடு வந்திருந்தால் அவர் தாணுலிங்கம் இல்லை. விதுரா ஊரைத் தாண்டியதும் மலைமேல் மேகம் இறங்கி நின்றதாம், மேகத்தின் மேல் விமானத்தின் நிழல் விழுந்ததாம், நிழலைச் சுற்றி வானவில் வளையம் ஒன்று கூடவே வந்ததாம். அதை இன்னொரு தடவை பார்க்கத் திரும்பினாராம். பிறகு இன்னொரு தடவை. இதற்கு நடுவே எங்கோ ஒரு ஆணி விட்டுப்போய், இடது சக்கரம் கழன்று ஏதோ காட்டுக்குள் விழுந்தது. எஞ்சின் இரைச்சலில் அவருக்கு அது தெரியவில்லை.

முத்தாரம்மாள் அப்போது சங்குமுகம் மணலில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுப் பகவதியம்மாள் அக்காதான் ஆறாட்டுப் பார்க்க இழுத்து வந்திருந்தாள். மேற்கே சூரியன் இறங்கி, கடல் முழுக்கப் பொன்னாய்க் கிடந்தது. பின்னால் வெகுதூரத்தில் மேளம் கேட்டது, ஊர்வலம் ஓடுபாதையைத் தாண்டிக்கொண்டிருந்தது. கிழக்கேயிருந்து மஞ்சள் விமானம் வந்து, தலைக்கு மேலே போய், கடல்மேல் நிதானமாக வட்டம் போட ஆரம்பித்தது.

"ஒன் வீட்டுக்காரராட்டி?" என்றாள் அக்கா.

"ஆமாக்கா." சொல்லும்போதே முத்தாரம்மாளின் கழுத்து வரை பெருமை ஏறியது. பகல் முழுவதும் பட்ட கவலை போய், நல்ல கனவு காண்கிறவளைப்போல முகத்தைத் தூக்கி நின்றாள். விமானம் கரையோரம் தாழ்ந்து வந்தது. இறங்குகிற சூரியன் அதன் வயிற்றுக்குக் கீழே வெளிச்சம் அடித்தது. ஒரு காலில் சக்கரம் இருந்தது. மற்ற காலில் இல்லை.

கண் கூசியிருக்கும் என்று நினைத்தாள். அடுத்த சுற்றுக்குக் காத்து நின்றாள். அடுத்த சுற்றிலும் இடது கால் மொட்டையாய்த்தான் இருந்தது.

"அக்கா, சக்கரம் இல்ல."

"இருக்கும்ட்டி. அவ்வளவு ஒசரத்துல ஒனக்கு என்னத்தத் தெரிஞ்சுது?"

திடலுக்கு ஓடலாம் என்று திரும்பினால், நடுவே ஜன சமுத்திரம், அதற்கப்பால் யானை, குதிரைப் போலீஸ், பல்லக்கு. ஊர்வலம் மணலுக்கு வந்து சேர்ந்ததும் ஓடுபாதை காலியாகும். காலியானதும் அவர் இறங்குவார். எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டே, இரண்டு சக்கரம் இருக்கிற நினைப்பிலேயே இறங்குவார். அவள் கையை ஆட்டினாள். என்ன பிரயோஜனம்? கரையில் இருந்த அத்தனை பேரும் விமானத்தைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அவரும் மேலேயிருந்து சந்தோஷமாய்க் கை ஆட்டினார்.

என்ன செய்யவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஒரு நிமிஷம் அசையாமல் நின்றாள். உயிர் போகிற பயத்தைவிட வெட்கம் அந்த ஒரு நிமிஷம் பெரிதாய் இருந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக அவள் பின்னாளில் தன்னை மன்னிக்கவே இல்லை.

பிறகு, விமானம் எதிரே முகம் காட்டி வரும்போது, வலக்காலைத் தூக்கினாள். கைகள் இரண்டையும் விரித்தாள். தலைமுடி அவிழ்ந்து காற்றில் பறந்தது.

பக்கத்தில் நின்றவள் "அம்மா!" என்று அலறி விலகினாள். "சாமி வந்தாச்சு! சாமி வந்தாச்சு!" யாரோ குலவை இட்டார்கள். தள்ளிக்கொண்டிருந்த கூட்டம் சட்டென்று பின்வாங்கியது. ஒருத்தி ஓடி வந்து அவள் நெற்றியில் திருநீறு அப்பினாள். பகவதியம்மாள் அக்காகூட, நேற்று வரை காப்பிப்பொடி கடன் கேட்டவள், கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டாள். ஒரு போலீஸ்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, ஜனங்களை இன்னும் தள்ளி நிறுத்தினார். ஊசி விழ இடமில்லாத கடற்கரையில், அவளைச் சுற்றி வட்டமாய் வெறும் மணல் பிறந்தது.

இல்லை, எனக்குச் சாமி வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் வட்டம் மூடிக்கொள்ளும் என்று புரிந்தது. வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

விமானம் ஒரு சுற்றுப் போனது. அவர் பார்க்கவில்லை. தூக்கிய காலை இறக்காமல் நின்றாள். அப்போதுதான் ஒரு மீனவப் பெண், கழுத்தில் சிலுவையோடு, வட்டத்துக்குள் ஓடி வந்து அவள் பாதத்தைப் பிடித்தாள். "அம்மா, எனக்க கெட்டியோன் கடலில் போயிட்டு இன்னும் கர கேறியில்ல. முந்தாநாள் போனவரு. வருவாரா? சொல்லம்மா, வருவாரா?"

முத்தாரம்மாளின் கண் வானத்தைவிட்டு இறங்கவில்லை. "வந்திருவாரு," என்றாள்.

"உயிரோட வருவாரா?"

"வந்திருவாரு. ஒண்ணும் ஆகாது. வந்திருவாரு."

அந்தப் பெண் மணலில் முகம் பதித்து அழுதாள். அடுத்த சுற்றில் விமானம் முன்னைவிடத் தாழ்ந்து வந்தது. வெறும் மணல் வட்டத்தின் நடுவே அரக்குச் சேலையில் ஒற்றைக் காலில் ஒருத்தி நிற்பதை அவர் பார்த்தார். எஞ்சின் சத்தம் குறைந்தது. தோல் தொப்பி போட்ட ஒரு தலை பக்கவாட்டில் நீண்டு, கீழே இடது காலைப் பார்த்தது. வெகுநேரம் பார்த்தது. பிறகு இறக்கைகள் இப்படியும் அப்படியுமாக ஆடின.

முத்தாரம்மாள் காலைக் கீழே விட்டாள், நிற்க முடியாமல் உட்கார்ந்தாள், உட்கார்ந்த மறுகணம் எழுந்து திடலைப் பார்த்து ஓடினாள். சாமிக்கு வழி விடாதவர் உண்டா? எதிரே வந்த ஊர்வலக் கூட்டம் இரண்டாய்ப் பிளந்து அவளுக்கு வழி விட்டது.

வேலி ஓரம் அவள் மூச்சிரைக்க வந்து நின்றபோது, ஓடுபாதையில் யானைச் சாணமும் பூவிதழும் மட்டும் கிடந்தன. விமானம் வலப்பக்கம் சாய்ந்தபடியே இறங்கியது. வலது சக்கரம் பூவில் தொட்டது. பாண்டி ஆடுகிற பிள்ளையைப்போல ஒற்றைக் காலிலேயே ஓடியது. 'தூக்கிப் பிடியுங்க, இன்னும் கொஞ்சம், விடாதீங்க' என்று அவள் கை தன்னையறியாமல் கரண்டியைப் பிடித்துச் சாய்த்துக்கொண்டிருந்தது. வேகம் செத்த பிறகுதான் இடது இறக்கை களைத்ததுபோல மெல்லத் தரையில் சாய்ந்தது. விமானம் அரை வட்டம் சுற்றி நின்றது. தாணுலிங்கம் இறங்கி வந்தார். இறங்கும்போது கால் தட்டி விழப்போனார்.

கோசி சார் ஓடி வந்து அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். "வீல் இல்லாத்தது நினக்கு ஆரு பறஞ்சு?"

"வீட்டுல சொன்னா சார்," என்றார் தாணுலிங்கம். கோசி சார் அவர் தலையில் எங்காவது அடிபட்டிருக்கிறதா என்று பார்த்தார்.

முத்தாரம்மாள் அழவில்லை. வேலியைச் சுற்றி வந்து அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "எட்டி முத்து, மேகத்துல வட்டமா ஒரு வானவில்லு…" என்று அவர் ஆரம்பித்தார்.

"அது இருக்கட்டும். திரும்பப் போவியளா?"

அவர் திகைத்துப் பார்த்தார். இனி விமானப் பக்கமே தலை வைக்கக்கூடாது என்று சொல்வாள், தானும் சரியென்று சொல்லிவிடவேண்டும் என்று இறங்கும்போதே முடிவு செய்திருந்தவர் அவர். "எங்க போவணும்?"

அப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "ஒரு பிள்ள வந்து கேட்டுது. மாப்பிள்ள கடலுக்குப் போயி வரல்ல, வருவாரான்னு. நான் ஒங்களையாக்கும் பாத்துக்கிட்டு நின்னேன். வந்திருவாருன்னுட்டேன். அது சாமி வாக்குன்னு எடுத்துக்கிட்டுது. நான் என்ன செய்ய? நீங்க போய்ப் பாத்துட்டு வாருங்க."

கோசி சார் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கிளப்பில் இன்னொரு விமானம் உண்டு. முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தவர், அந்த அம்மாள் நெற்றியில் அப்பியிருந்த திருநீற்றையும் மண் ஒட்டிய பாதங்களையும் பார்த்தார்.

"நாளே வெளுப்பினு," என்றார் தாணுலிங்கத்திடம். "நான் ஓட்டும். நீ கண்ணு திறந்து கடலு நோக்கணும். சொப்பனம் காணான் பாடில்ல."

அந்தப் பெண்ணின் பெயர் திரேசியா. முத்தாரம்மாள் கடற்கரைக்குத் திரும்பிப் போய் அவளைத் தேடிக் கண்டுபிடித்தாள். "எனக்குச் சாமி வரல்ல, பிள்ளே. நான் எனக்க வீட்டுக்காரரையாக்கும் சொன்னேன்," என்று உள்ளதைச் சொன்னாள். திரேசியாவின் முகம் விளக்கை ஊதினதுபோல இருண்டது.

"அப்போ வரமாட்டாரா?"

"தெரியாது. விடிஞ்சதும் விமானத்துல பாக்கப் போறாவ. கண்டா மேல வந்து இறக்கைய ஆட்டச் சொல்லியிருக்கேன். காணல்லேன்னா நேரே போயிரும்."

விடிகிற நேரம் இரண்டு பெண்களும் ஈர மணலில் நின்றார்கள். நேற்றுச் சாமி நீராடின கடல், பூவை எல்லாம் கரைக்கே திருப்பிக் கொண்டுவந்து ஒதுக்கியிருந்தது. விமானம் தலைக்கு மேலே போய், தெற்கே விழிஞ்ஞம் பக்கம் சின்னப் புள்ளியாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. அலை வந்து வந்து கணுக்காலை நனைத்துக்கொண்டு போனது. முத்தாரம்மாள் தூங்காத கண்ணோடு, இது கனவா இல்லையா என்று தெரியாமல், தெற்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை பெரிய கடலில் ஒரு கட்டுமரத்தை யார் கண்டுபிடிப்பார்? அதுவும் பக்கத்தில் இருக்கிற கரண்டியையே கண்டுபிடிக்கத் தெரியாத மனுஷர்?

வெயில் ஏறின பிறகு சத்தம் கேட்டது. விமானம் கடலோரமாய் வந்தது. நேராக வந்தது. கொஞ்சமும் சாயாமல், கோடு போட்டதுபோல நேராக வந்தது. திரேசியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்களை நெருங்கியும் அது நேராகவே வந்தது. மறந்திருப்பார், இவர் மறக்கிற ஆள்தானே, கடவுளே, மறந்து மட்டும் இருக்கட்டும் என்று முத்தாரம்மாள் வேண்டினாள்.

தலைக்கு நேர் மேலே வந்ததும் இறக்கை ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு மறு பக்கம். ஆரியசாலை வீட்டு ஊஞ்சலேதான், இப்படியும் அப்படியுமாக, போதும் போதும் என்கிற வரைக்கும் ஆடியது.

"என்னம்மா சொல்லுது? என்ன சொல்லுது அது?"

முத்தாரம்மாள் முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

"வீட்டுக்குப் போ, பிள்ளே," என்றாள். "உலைய வை."